பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு விமானம்

பிப்ரவரி 6

என் வாலுப்பயலுக்கு அக்கா எழுதறது.

இங்கே நானும் மாமாவும் நல்லா இருக்கோம். மாமாவுக்கு வழக்கமான இருமல், எனக்கு வழக்கமான கோபம். நீ எப்படி இருக்கே? வேளாவேளைக்குச் சாப்பிடறியா, இல்லை சர்வே வேலைன்னு கேமரா பிளேனை மேலே விட்டு மலையையும் குவாரியையும் அளக்கறேன்னு பட்டினி கிடக்கிறியா?

ரெண்டு வாரமா போன் எடுக்க மாட்டேங்கிறே. "சிக்னல் சரியில்லை, லெட்டர் போடு"ன்னு ஒரு வரி மெசேஜ், கூடவே ஒரு புது விலாசம். இந்தக் காலத்துல லெட்டர் போடச் சொல்றவன் நீ ஒருத்தன்தான்டா. சரி, ஹாஸ்டல்ல இருந்தப்ப எழுதின ஆசை திரும்ப வந்திருக்குன்னு நினைச்சு, வீடு பூரா பேனாவைத் தேடி எடுத்து உக்காந்திருக்கேன்.

ஒரு நல்ல சேதி. ஜூன் கடைசியில ரிமோட்ல ஓட்டற குட்டி பிளேனுக்கான உள்ளரங்க விமானப் போட்டி நடக்குது. எனக்கு இடம் கிடைச்சிருக்கு! சிரிக்காதே. "தும்மினா ஓடிப்போற பிளேன்"னு நீ கிண்டல் பண்ணுவியே, அதே பிளேன்தான். ஞாயித்துக்கிழமை காலையில பேட்மின்டன் ஹாலை எங்க பிளேன் கூட்டத்துக்கு விடறாங்க. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு மாமாவைக் காவல் போட்டுடுவேன். யாராவது கதவைத் திறந்தா அந்தக் காத்துக்கே பிளேன் தடம் மாறிடும். போன வாரம் நடுவுல இருமல் வந்து, மனுஷன் அடக்கி அடக்கி முகமெல்லாம் தக்காளியாப் போச்சு, பாவம். பிளேன் ஆள் நடக்கற வேகத்துலதான் போகும். ரெண்டு கம்பத்தைச் சுத்தி எட்டு போட்டு, ஒரு வளையத்துக்குள்ள நுழைஞ்சு, டீ தட்டு அளவு பாய்ல இறங்கணும். லேப்ல பகல் முழுக்க பல் செட்டுக்கு மெழுகு சீவற கை, அதனால ரிமோட் பிடிச்சா ஆடறதில்லை.

பதில் போடு. இல்லைன்னா நேர்ல வந்து காதைத் திருகுவேன்.

அன்போட,
அக்கா


மார்ச் 2

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதறேன். நான் நல்லா இருக்கேன். மாமா இருமலுக்கு மருந்து வாங்கிக் கொடு, கதவைக் காவல் காக்கவாவது ஆள் வேணுமில்லே. போட்டிக்கு இடம் கிடைச்சது எனக்கு நிஜமாவே சந்தோஷம். கிண்டல் பண்ணலை, சத்தியமா.

லேட்டானதுக்கு மன்னிச்சுக்கோ. வேலை ஜாஸ்தி.

அக்கா, எனக்கும் உன் பிளேன் மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றியா? ஒரு அறைக்குள்ள பறக்கற மாதிரி. அவசரம் இல்லை. ஆனா சீக்கிரம் கிடைச்சா நல்லது.

உன் தம்பி


மார்ச் 9

டேய் வாலு,

அக்காவோட ஆசீர்வாதம். இங்கே ரெண்டு பேரும் சௌக்கியம். உன் லெட்டரைப் படிச்சதும் எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. மாமாகிட்ட நாலு தடவை படிச்சுக் காட்டினேன். "வெளியில ரெண்டு மீட்டர் இறக்கை பிளேன் விடறவன், இன்னைக்கு என் காலடிக்கு வந்துட்டான் பாருங்க"ன்னு ஒரே அலட்டல். மாமா உன் கட்சி. "குழந்தை ஆசைப்பட்டுக் கேக்கறான், வம்பு பண்ணாம செஞ்சு கொடு"ங்கறார். முப்பத்தொரு வயசுக் குழந்தை!

செய்யறேன். ஆனா அளவு சொல்லாம எப்படிடா செய்யறது? அறை எவ்வளவு பெருசு? ஃபேன் ஓடுமா? எங்கேயிருந்து கிளம்பணும், எங்கே இறங்கணும்? எல்லாம் எழுது.

அப்புறம், அது என்ன கையெழுத்து? கோழி கிளறின மாதிரி இருக்கு. அம்மா அப்பா போனதுக்கு அப்புறம் உன் கையைப் பிடிச்சு எழுத வெச்சவ நான். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? ஜீப்ல போய்க்கிட்டே எழுதினியா?

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா


மார்ச் 27

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் அப்படியே இருக்கணும்.

ஆமாம், ஜீப்லதான் எழுதினேன்.

அறை பத்துக்குப் பன்னிரண்டு. கூரை பத்தடி. ஃபேன் ஓடாது. ஒரு ஜன்னல், எப்பவும் சாத்தியிருக்கும். ஒரு அலமாரி, ஒரு நாற்காலி. ரெண்டரை அடி உயரத்துல இருந்து கிளம்பணும். இடது கையால மட்டும் ஓட்டற மாதிரி ரிமோட் வேணும், குச்சி லேசா இருக்கணும். சத்தம் வரக் கூடாது, பக்கத்து அறையில ஆள் இருக்காங்க.

முக்கியமா ஒண்ணு. கிளம்பின இடத்துக்கே அதுவே திரும்பி வரணும். நான் விட்டுட்டாக்கூட வரணும். நீ அந்தச் சின்ன வழிகாட்டிக் கருவியெல்லாம் மாட்டுவியே, அதை வெச்சு முடியுமா?

ஏன்னு கேக்காதே. ஒரு ஆராய்ச்சி.

உன் தம்பி


ஏப்ரல் 5

டேய் ஆராய்ச்சியாளரே,

நாங்க நலம். அங்கே வெயில் எப்படி? தண்ணி நிறையக் குடி.

உன் லெட்டரைப் படிச்சு நானும் மாமாவும் விழுந்து விழுந்து சிரிச்சோம். திரும்பி வரணுமாம், அதுவே வரணுமாம்! ஏன்டா சோம்பேறி, பத்தடி அறையில எழுந்து போய் எடுத்தா இடுப்பு ஒடிஞ்சிடுமா? ராஜா கட்டில்ல சாய்ஞ்சிருப்பார், பிளேன் வந்து கையில உக்காரணும். நல்லா இருக்குடா நியாயம்!

சரி சரி, கோவிச்சுக்காதே. முதல்ல ஒரு சாதா பிளேன் அனுப்பறேன், அதுல பழகு. இந்தப் பார்சல்ல இருக்கு. மூணு கிராம் சொச்சம். பெட்டியைப் பிரிக்கும்போது இறக்கையைத் தொடாதே, உடம்பைப் பிடிச்சுத் தூக்கு. ரிமோட்டை இடது கைக்கு மாத்தியிருக்கேன். எதுக்கு இடது கைன்னு கேக்கலை பார், ஏன்னு கேக்காதேன்னு நீதான் சொல்லிட்டியே.

திரும்பி வர்றதுக்கும் யோசிச்சு வெச்சிருக்கேன். டிவி ரிமோட்ல இருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வருமில்லே, அந்த மாதிரி சின்ன விளக்கை நீ இருக்கற இடத்துல வெச்சுடலாம். பிளேன் மூக்குல அதைப் பார்க்கற ஒரு கண். கை ரிமோட்டை விட்டதும் அந்தக் கண் விளக்கைத் தேடிக்கிட்டு வந்துடும். ஆனா கண்ணும் அதை இயக்கற சின்ன போர்டும் சேர்ந்தா அரை கிராம் கூடுது. அரை கிராம் எங்களுக்கு அரை மூட்டை. வால் தொங்குது. பார்க்கலாம்.

எப்படிப் பறந்துதுன்னு உடனே எழுது.

அக்கா


மே 4

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் நலமா? உன் போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, என் வேலையால உன் பயிற்சி கெடக் கூடாது.

பிளேன் வந்துது. ரொம்ப அழகா இருக்கு அக்கா. முதல் தடவை விட்டப்ப அது பாட்டுக்கு மெதுவா ஒரு சுத்து சுத்தி வந்துது. நான் என்னையே மறந்துட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

ரெண்டாவது நாள் அலமாரி மேலே போய் உக்காந்துடுச்சு. இன்னும் அங்கேதான் இருக்கு. இங்கே இருக்கறவங்ககிட்டக் கேக்க எனக்குப் பிடிக்கலை. ஏற்கனவே எல்லாத்துக்கும் கேக்க வேண்டியிருக்கு. இறக்கை ஓரம் கொஞ்சம் நீட்டிக்கிட்டுத் தெரியுது. அதைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

அதனாலதான் திரும்பி வரணும்னு சொல்றேன். அடுத்ததுக்கு அடிப்பக்கம் கருப்பா ரெண்டு பட்டை போடு. கூரை வெள்ளை, பிளேனும் வெள்ளை, மேலே போனா எனக்குத் தெரிய மாட்டேங்குது.

இடுப்பைப் பத்திக் கேட்டிருந்தே. நல்லா இருக்கு.

உன் தம்பி


மே 16

தம்பி,

உன் லெட்டர் வந்த வாரமே வேலையை ஆரம்பிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை ஹால்ல தரையில சாக்பீஸால உன் அறையைப் போட்டேன், பத்துக்குப் பன்னிரண்டு. அலமாரிக்குப் பதிலா நாற்காலிகளை அடுக்கினேன். ரெண்டரை அடி உயரத்துக்கு ஒரு மேஜையை இழுத்துப் போட்டேன். அதுமேல விளக்கை வெச்சு, இடது கையில ரிமோட்டைப் பிடிச்சு, பக்கத்துல நின்னு பறக்க விட்டேன். நல்லாவே திரும்பி வந்துது. அப்புறம்தான் கருப்புப் பட்டை ஞாபகம் வந்துது. அடியில போட்ட பட்டை என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. பிளேன் என் நெத்தி உயரத்துல போகுது, எனக்கு அதோட பக்கவாட்டுதான் தெரியுது. நாற்காலி போட்டு உக்காந்து பார்த்தேன். அப்பவும் பாதிதான் தெரிஞ்சுது. இவன் எதுக்குடா அடியில கேட்டான்னு எனக்குப் புரியலை.

"நீ மேஜைமேல படுத்துப் பாரேன்"னு மாமாதான் சொன்னார். விளையாட்டாத்தான் சொன்னார்.

படுத்தேன். வலது கையை உடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டேன், நீ இடது கைன்னு சொன்னதால. பிளேன் மேலே வந்துது. ரெண்டு பட்டையும் பளிச்சுனு தெரிஞ்சுது. நீ கேட்டது எல்லாமே சரியா இருந்துது. ரெண்டரை அடி, ஓடாத ஃபேன், அலமாரி மேல எட்டாத பிளேன், எல்லாம் சரியா இருந்துது.

நான் எழுந்திருக்கலை. மாமா பக்கத்துல வந்து "என்னாச்சு, என்னாச்சு"ங்கறார். மத்தவங்க எல்லாம் பிளேனை விட்டுட்டு என்னைப் பார்க்கறாங்க.

டேய், நீ எங்கேடா படுத்திருக்கே? எத்தனை நாளா? இடுப்பு ஒடிஞ்சிடுமான்னு கேட்டேனே நான். படிச்சப்ப உனக்கு எப்படி இருந்திருக்கும்?

என்னன்னு எழுது. மறைக்காம எழுது.

அக்கா


மே 27

அக்கா,

அழாதே. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

ஜனவரி இருபது வாக்குல குவாரிக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகை மேல என் பிளேன் சிக்கிக்கிச்சு. ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். பிளேன்மேல வெச்ச ஆசையில நானே ஏறினேன். தகரம் உள்வாங்கிடுச்சு. வலது கை முறிஞ்சு சேர்ந்துக்கிட்டிருக்கு. முதுகெலும்புல அடி. காலு ரெண்டும் இப்போதைக்குச் சொன்ன பேச்சைக் கேக்கறதில்லை. கேக்குமா, கேக்காதான்னு இன்னும் ஆறு மாசம் போனாத்தான் தெரியும்னு டாக்டர் சொல்றார். கம்பெனி செலவுல தனி அறை. சிஸ்டருங்க எல்லாம் நல்லாப் பார்த்துக்கறாங்க.

உன் கிண்டலைப் படிச்சப்ப நான் சிரிச்சேன், நிஜமா. ஜனவரிக்கு அப்புறம் என்னைப் பார்த்துப் பரிதாபப்படாம பேசின ஒரே ஆள் நீதான். உனக்குத் தெரியாததாலதான்னு எனக்கும் தெரியும். அதனாலதான் சொல்லாம இருந்தேன்னு வெச்சுக்கோயேன்.

அது பாதிதான். மீதியையும் சொல்லிடறேன். உன் இருபத்திரண்டு வயசுல ஒரு ஒன்பது வயசுப் பையனைத் தூக்கி உன் தலையில வெச்சாங்க. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படிக்க வெச்சு ஆளாக்கினே. உன் கல்யாணம்கூட என்னாலதான் தள்ளிப் போச்சு. இப்பதான் உனக்குன்னு ஒரு ஹால், ஒரு போட்டின்னு ஏதோ இருக்கு. மறுபடியும் முதல்ல இருந்து குளிப்பாட்டி, சோறு ஊட்டி... வேண்டாம் அக்கா. என்னால அதைப் பார்க்க முடியாது.

நீ வராதே. இதை நான் கெஞ்சிக் கேக்கறேன். பிளேனை மட்டும் அனுப்பு. திரும்பி வர்றதை அனுப்பு. அது ஒண்ணு இருந்தா நான் யாரையும் எதுக்கும் கூப்பிட வேண்டியதில்லை.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


ஜூன் 3, காலை

என் ராஜாவுக்கு,

இது தபால்ல வரலை. உன் வார்டு சிஸ்டர்கிட்டக் கொடுத்து அனுப்பறேன். நான் உன் அறைக்கு வெளியே வராந்தா பெஞ்சுல உக்காந்திருக்கேன். வெறும் கதவு நம்பரும் தெருப் பேரும் எழுதி ஏமாத்தியிருக்கே பார், ஆட்டோவை விட்டு இறங்கி ஆஸ்பத்திரி போர்டை ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன்டா. உன் கதவுல இருந்து இருபதடி தூரம்தான். ஆனா நீ வான்னு சொல்லாம உள்ளே வர மாட்டேன். சிஸ்டர் என்னைப் பார்த்து "உள்ளே போங்கம்மா"ங்கறாங்க. "அவன் சொல்லட்டும்"னுட்டேன்.

போட்டியில இருந்து பேரை எடுத்துட்டேன். முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே. அடுத்த வருஷமும் ஜூன் மாசம் வரும். லேப்ல ஒரு மாசம் லீவு சொல்லியாச்சு. மாமா தனியா சமைச்சுச் சாப்பிடறார். அவரை நினைச்சாத்தான் எனக்குக் கவலை.

உன்னை வளர்த்தது எனக்கு பாரம்னு உனக்கு யார் சொன்னது? நான் சொன்னேனா? எனக்கும் அப்ப அம்மா அப்பா இல்லைடா. ராத்திரி ரெண்டு பேரும் ஒரே பாய்ல படுத்துக்கிட்டு, நீ தூக்கத்துல என் பின்னலைப் பிடிச்சுக்குவே. நீ மட்டும் இல்லைன்னா அந்த வீட்டுல நான் பைத்தியமாகியிருப்பேன். யார் யாரை வளர்த்தாங்கன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது.

இந்த லெட்டரோட சிஸ்டர் ஒரு பெட்டி கொண்டு வருவாங்க. புது பிளேன். கருப்புப் பட்டை போட்டிருக்கேன். திரும்பி வர்ற கருவி நல்லா வேலை செஞ்சுது. பத்துத் தடவை விட்டா பத்துத் தடவையும் மேஜைக்கே வந்துது. ஆனா நேத்து ரயில்ல உக்காந்து அதைக் கழட்டிட்டேன்.

கோபம் வரும்னு தெரியும். அது இருந்தா நீ யாரையும் கூப்பிட வேண்டியதில்லைன்னு எழுதியிருந்தே. அந்த வரியைப் படிச்சுட்டுதான் கழட்டினேன். உனக்கு அது பிடிக்கலாம், என்னால தாங்க முடியலை. நீ என்னைக் கூப்பிடணும்டா. கண்ணும் போர்டும் என் கைப்பையிலதான் இருக்கு. வேணும்னு கேட்டா இப்பவே மாட்டித் தர்றேன், ரெண்டு நிமிஷ வேலை.

வெளியிலயே இருக்கேன்.

அக்கா


அதே நாள், மதியம்

அக்கா,

வராதேன்னுதானே சொன்னேன்? நீ என்னைக்குத்தான் சொன்ன பேச்சு கேட்டே?

நீ பெஞ்சுல உக்காந்திருக்கேன்னு சிஸ்டர் சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்கறாங்க. ஏதாவது சாப்பிட்டியா?

நான் ரொம்ப இளைச்சுட்டேன் அக்கா. கால் ரெண்டும் குச்சி மாதிரி ஆயிடுச்சு. தாடி வேற. பார்த்தா நீ அழுவே. நீ அழுதா நானும் அழுவேன். நாலு மாசமா நான் அழலை. ஒரு தடவை ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாதுன்னு பயமா இருக்கு.

தம்பி


அதே நாள், மாலை

டேய்,

சாப்பிட்டேன். கேன்டீன்ல தயிர் சாதம். உப்பே இல்லை.

அழுவேன், கண்டிப்பா அழுவேன். பெத்தவங்க போனப்பக்கூட உன் முன்னாடி அழாம பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தவ நான். இன்னைக்கு அப்படி இருக்க முடியாது, எனக்கும் வயசாச்சு. நீயும் அழு. நிறுத்தத் தெரியாட்டி என்ன, ஒரு மாசம் லீவு இருக்கு. தாடியை நான் எடுத்து விடறேன், பல் செட் சீவற கைதானே.

பார்வை நேரம் ஆறரை வரைக்கும்தானாம். அதுக்கு அப்புறம் வாட்ச்மேன் என்னை வெளியில அனுப்பிடுவாராம். பரவாயில்லை. நாளைக்கும் வந்து இதே பெஞ்சுல உக்காருவேன்.

அக்கா


(அதே தாளின் பின்பக்கம்)

அக்கா,

சிஸ்டரைக் கூப்பிட்டு ஃபேன் சுவிட்சைப் பார்க்கச் சொன்னேன். ஜன்னல் சாத்தித்தான் இருக்கு. கதவை மட்டும் அகலமாத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கேன். பிளேன் இப்ப என் நெஞ்சுமேல இருக்கு. உடம்பைப் பிடிச்சுத்தான் எடுத்து வெச்சேன், இறக்கையைத் தொடலை.

இந்தச் சீட்டை அவங்க உன்கிட்டக் கொடுத்ததும் இடது கையால விடப் போறேன். கதவைத் தாண்டி வராந்தாவுல எங்கேயோ விழும்.

எடுத்துக்கிட்டு உள்ளே வா அக்கா.